நகையை அடகு வைத்து அனலாக் கன்சோல் வாங்கலாமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

தென் மாவட்ட நகரம் ஒன்றில் மாடி அறையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கீபோர்டு கலைஞர் எழுதியிருக்கிறார். பக்திப் பாடல்கள், தேவாலயப் பாடல்கள், உள்ளூர்க் கடை விளம்பரங்கள், அவ்வப்போது குறும்படம் என்று ஆறு வருடமாகத் தொழில் ஓடுகிறது. அறை பத்தடிக்குப் பத்தடி, உயரம் ஒன்பதரை. சுவர் முழுக்க ஒரு அங்குல ஃபோம் ஒட்டியிருக்கிறார். கணினிக்கு ஒலியை உள்ளே, வெளியே மாற்றித் தரும் இன்டர்ஃபேஸில் எட்டு லைன் அவுட்புட் உண்டு. எல்லா வேலையும் 96 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 96,000 மாதிரிகள் எடுக்கும் வேகத்தில். அறையில் நிறைவாகக் கேட்கும் மிக்ஸ், காரிலும் கோயில் ஸ்பீக்கரிலும் மெலிந்து காதைக் குத்துகிறது. "டிஜிட்டல் வாடை அடிக்குது தம்பி, அனலாக்ல மிக்ஸ் பண்ணாத்தான் அந்தக் கனம் வரும்" என்று ஒரு மூத்த பாடகர் சொல்லிவிட்டார். மூடப்போகும் ஸ்டுடியோ ஒன்றின் 24 சேனல் அனலாக் கன்சோல் (பல டிராக்குகளைக் கலந்து ஒன்றாக்கும் பெரிய மேசைக் கருவி) 4,50,000 ரூபாய்க்கு வருகிறது. 25,000 முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியை இருபது நாளில் கட்ட வேண்டும். மனைவியின் நகையை வங்கியில் வைக்க உத்தேசம். இதற்கிடையில் ஒரு நண்பர், "கன்சோல் எதுக்கு, 1,20,000க்கு 16 சேனல் சம்மிங் பாக்ஸ் போதும்" என்கிறார்; கணினிக்கு வெளியே டிராக்குகளை அனலாக்காகக் கூட்டித் தரும் பெட்டி அது. எது சரி என்று கேட்டு, முடிந்த இரண்டு மிக்ஸ்களையும் ஒரு பாடலின் தனித்தனி டிராக்குகளையும் அறையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

கெடு ஓடிக்கொண்டிருப்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்சோல் வேண்டாம். சம்மிங் பாக்ஸும் இப்போதைக்கு வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும். அனலாக் என்பது வெறும் பேச்சு என்று நான் சொல்லவில்லை. நல்ல கன்சோலில் மிக்ஸ் செய்வது தனிச் சுகம், அதன் ஒலிக்கும் தனிக் குணம் உண்டு. ஆனால் உங்கள் பாட்டு மெலிவதற்குக் காரணம் கன்சோல் இல்லாதது அல்ல. அந்தக் காரணங்கள் நீங்கள் அனுப்பிய டிராக்குகளிலும் அறைப் படத்திலும் இருக்கின்றன. நாலரை லட்சம் போட்டாலும் அவை போகாது. அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்துதானே கன்சோலிலும் மிக்ஸ் செய்யப்போகிறீர்கள்?

பாடகர் சொன்னதைத் தள்ளிவிடவும் வேண்டாம். அவர் காதில் விழுந்த குறை நிஜம். அவர் மனதில் இருக்கும் "அனலாக்", ஏவிஎம், பிரசாத் போன்ற கூடங்களில் வயலின் வரிசையும் தபலாவும் பாடகரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடிய காலத்து ஒலி. பெரிய கூடத்தின் எதிரொலி, ஒருவர் மைக்கில் இன்னொருவர் கசிவது, நல்ல வாசிப்பு, பிறகு டேப் எல்லாம் சேர்ந்தது அது. அதில் கன்சோலின் பங்கு கொஞ்சம்தான். பத்தடி அறையில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகப் பதிந்துவிட்டு, கூட்டும் இடத்தில் மட்டும் பழைய கன்சோலை வைத்தால் அந்தக் காலம் திரும்பிவராது.

மூன்று நம்பிக்கைகள்

டிஜிட்டல் அலையைப் படிக்கட்டாக வெட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திரையில் தெரியும் படிக்கட்டு வெறும் வரைபடம். இன்டர்ஃபேஸிலிருந்து வெளியே வரும் மின்னலையை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் வழவழப்பான கோடுதான் இருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி முழுமையாகத் திரும்பக் கிடைக்கும்; புள்ளிகளுக்கு நடுவே எதுவும் தொலைவதில்லை. பிட் எண்ணிக்கை தீர்மானிப்பது இரைச்சல் தளத்தை மட்டுமே. உச்சத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 16 பிட்டில் கணக்குப்படி 96 டெசிபல். இன்றைய சாதாரண 24 பிட் இன்டர்ஃபேஸில் நடைமுறையில் 110 டெசிபல் அளவுக்குக் கிடைக்கிறது. இரைச்சல் குறைப்பு இல்லாத டேப்பில் 60 முதல் 70தான்.

கணினி கூட்டினால் ஒலி குறுகிவிடும் என்பது இரண்டாவது. மிக்ஸ் மென்பொருள் செய்வது சாதாரணக் கூட்டல்; 32 அல்லது 64 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் வரும் பிழை காதுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். நீங்களே சோதிக்கலாம். பிளகின் (மென்பொருளுக்குள் சேர்க்கும் ஒலிக் கருவி) எதுவும் இல்லாமல், ஒரே ஃபேடர் அளவில், ஒரே பேன் விதியில் (ஒலியை இடம், நடு, வலம் என்று வைக்கும்போது அளவை மாற்றும் கணக்கு) இரண்டு வேறு மென்பொருள்களில் எட்டு டிராக்கைக் கூட்டி எடுங்கள். ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அலையை மேல்கீழாகப் போட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மௌனம்தான் மிஞ்சும். மிஞ்சாவிட்டால் முதலில் பேன் விதியைப் பாருங்கள்: ஒன்று நடுவில் 3 டெசிபல் குறைக்கும், இன்னொன்று நாலரை குறைக்கும். "இந்த சாஃப்ட்வேர் அகலமா கேட்குது" என்ற பேச்சில் பாதி இங்கே பிறந்ததுதான்.

மூன்றாவது, 96 கிலோஹெர்ட்ஸ். இதற்கு ஒரே ஒரு நிஜமான பயன் உண்டு. ஒலியை வேண்டுமென்றே லேசாகச் சிதைக்கும் சாச்சுரேஷன் பிளகின் புதிய ஹார்மோனிக்குகளை, அதாவது மூல அலைவரிசையின் மடங்குகளை, உண்டாக்குகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஐந்தாவது ஹார்மோனிக் 50 கிலோஹெர்ட்ஸ். 48இல் வேலை செய்தால் அது மடங்கி 2 கிலோஹெர்ட்ஸில் வந்து விழும். சுருதிக்குச் சம்பந்தமில்லாத கரகரப்பு. 96இல் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஆனால் 48இலேயே இருந்துகொண்டு, பிளகினில் நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங்கை (அதற்குள் மட்டும் மாதிரி வேகத்தைக் கூட்டுவது) போட்டாலும் பலன் ஏறக்குறைய அதேதான். கணினியும் மூச்சு வாங்காது. கனத்துக்கும் 96க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் அனலாக்கில் இருக்கும் அந்தக் குணம் என்ன? டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த சுரங்களில் முதலில் நிறைந்து லேசாகச் சிதைக்கும்; அந்தச் சிதைவு பேஸுக்கு மேல்சுரங்களைக் கூட்டி, சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் தெரியும்படி செய்யும். டேப் உச்சங்களை மழுக்கும், உயர் அலைகளைக் கொஞ்சம் விழுங்கும், நொடிக்கு 15 அங்குல வேகத்தில் அடியில் ஒரு மேடு போடும். கன்சோலில் இடதும் வலதும் ஒரு மயிரிழை மாறுபடும். இவை எல்லாமே பெயர் சொல்லக்கூடிய, அளக்கக்கூடிய மாற்றங்கள். வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம். அதற்காக 24 சேனலைத் தூக்கி மாடியேற்ற வேண்டியதில்லை.

உங்கள் அறை

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். நீளம் பத்தடி, அகலம் பத்தடி. ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நின்று எழும்பும் அலைவரிசையைக் கண்டுபிடிக்க 343ஐ அறை நீளத்தின் இரு மடங்கால், மீட்டரில், வகுக்க வேண்டும். பத்தடி என்றால் 3.05 மீட்டர்; விடை 56 ஹெர்ட்ஸ். அகலத்துக்கும் அதே 56. உயரத்துக்கு 59. அடுத்த மடங்கு 112ஐ ஒட்டி. மூன்று திசையும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. கனசதுர அறைதான் மிக்ஸுக்கு ஆக மோசமான வடிவம், உங்களுடையது அதற்கு அரையடிதான் குறைச்சல். போதாததற்கு, படத்தில் உங்கள் நாற்காலி பின்சுவரை ஒட்டி இருக்கிறது. சுவரை ஒட்டிய இடத்தில்தான் இந்த அலைகள் உச்சத்தில் இருக்கும்.

ஆக, நீங்கள் உட்காரும் இடத்தில் 56உம் 112உம் நிஜத்தைவிடப் பெரிதாகக் கேட்கின்றன. அறை தரும் பேஸைப் பாட்டில் இருக்கும் பேஸ் என்று நினைத்து ஈக்யூவில் குறைக்கிறீர்கள். மறுபக்கம், ஒரு அங்குல ஃபோம் உயர் அலைகளை மட்டும் தின்கிறது. 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வேலையே இல்லை. பேச்சு அடங்கிக் கேட்பதால் அறை 'ட்ரீட்' ஆகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பளபளப்பு மட்டும் போய்விட்டது, அதனால் 8 கிலோஹெர்ட்ஸைத் தூக்குகிறீர்கள். கீழே வெட்டியதும் மேலே தூக்கியதும் காரில் ஏறியதும் வெளிப்படுகின்றன: மெலிவு, குத்தல். நீங்கள் எழுதிய அறிகுறி அப்படியே இதுதான்.

செய்ய வேண்டியது இது. மேசையை நகர்த்தி, முன்சுவரிலிருந்து உங்கள் தலை ஏறக்குறைய 3 அடி 9 அங்குலத்தில் இருக்கும்படி உட்காருங்கள். அறை நீளத்தில் 38 சதவீதம். ஸ்பீக்கர்கள் முன்சுவரிலிருந்து ஒரு அடியில், இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர், உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர். சமபக்க முக்கோணம். பக்கச் சுவர்களிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கட்டும்.

பிறகு ராக்வூல், அதாவது பாறை இழைப் பலகை. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 4 அடிக்கு 2 அடி, 2 அங்குலப் பலகை. இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மரச்சட்டத்தில் அடைத்தால் 4 அங்குல பேனல் ஒன்று. பன்னிரண்டு பேனலுக்கு 24 பலகை. எட்டு பேனலை நான்கு மூலைகளிலும் குறுக்காக, மேலும் கீழுமாக நிறுத்துங்கள். பின்னால் முக்கோணமாகக் காற்று இடம் இருக்கட்டும், அந்தக் காற்றும் வேலை செய்யும். கதவு இருக்கும் மூலையில் கீழ்ப் பேனலைத் தள்ளி வைக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். இரண்டு பேனல் பக்கச் சுவர்களில் முதல் எதிரொலி விழும் இடத்தில்: ஒருவர் சுவரில் கண்ணாடியை நகர்த்த, நாற்காலியிலிருந்து ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே. ஒன்று தலைக்கு மேல், ஒன்று பின்சுவரில். ஒட்டியிருக்கும் ஃபோமில் பாதியை உரித்துவிடுங்கள். முன்னால் துணி, சாதாரணத் துணி போதும், ஆனால் வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும், ரெக்சின் கூடாது. ராக்வூலை வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஆசாரி கூலியும் சேர்த்து இது கன்சோல் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது என் கணக்கு.

அளவுகோல் இல்லாமல் நம்ப வேண்டாம். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், அளவுத் திருத்தக் கோப்புடன் வரும் அளவீட்டு மைக்கும் போதும். பேனல் வைக்கும் முன் ஒரு தடவை, வைத்த பின் ஒரு தடவை ஸ்வீப் (கீழிருந்து மேல்வரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டி, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோட்டின் மேடு பள்ளத்தையும் ஒலி அடங்கும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். 56இல் இருக்கும் மேடு முழுதாகப் போகாது; அதன் நான்கில் ஒரு பங்கு அலைநீளமே ஐந்தடி, அவ்வளவு தடிமனுக்கு உங்கள் அறையில் இடமில்லை. 112இல் நன்றாகத் தெரியும். மிஞ்சுவதைத் தெரிந்துவைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

டிராக்குகளில் கண்டவை

மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று என இரண்டு மைக் வைத்திருக்கிறீர்கள். வலந்தலையில் அடி விழுந்து தோல் உள்ளே போகும்போது, உள்ளே அடைபட்ட காற்று தொப்பியை வெளியே தள்ளும். இரண்டு மைக்குக்கும் வரும் அலை எதிரெதிர். நீங்கள் போலாரிட்டியைத் திருப்பவில்லை. இரண்டு டிராக்கையும் ஒன்றாக ஏற்றினால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உடம்பு கரைந்துவிடுகிறது. தொப்பி டிராக்கில் அந்த வட்டத்தில் சாய்கோடு போட்ட பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எந்தக் கன்சோலும் தராத கனம் ஒரே சொடுக்கில் வரும். வீணைக்கு இரண்டு மைக் வைத்த டிராக்கிலும் இதைச் சோதியுங்கள். அங்கே பிரச்சினை தூர வித்தியாசம். 34 சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு மில்லிசெகண்ட் தாமதம், 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்.

அடுத்தது லெவல். ஏறக்குறைய எல்லா டிராக்கும் மைனஸ் 3 டிபிஎஃப்எஸ்ஸில் (பூஜ்யம்தான் டிஜிட்டலின் உச்சவரம்பு) உச்சம் தொடுகின்றன, மூன்று இடங்களில் குரல் கிளிப் ஆகியிருக்கிறது. 24 பிட்டில் அவ்வளவு ஏற்றிப் பதிய ஒரு அவசியமும் இல்லை. குரலின் சராசரி மைனஸ் 18 டிபிஎஃப்எஸ் அளவில், உச்சம் மைனஸ் 10ஐ ஒட்டி இருந்தால் போதும். அந்த மைனஸ் 18க்கு ஒரு காரணமும் உண்டு: பழைய கன்சோல், கம்ப்ரஸர்களைப் போலச் செய்த பிளகின்களில் பல, மைனஸ் 18ஐ, பழைய கருவிகளில் ஒலியளவைக் காட்டும் முள்ளான வியு மீட்டரின் பூஜ்யமாக எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் 40 டிராக்கிலும் கன்சோல் பிளகின் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 10 டெசிபல் கூடுதலாக ஊட்டுகிறீர்கள். நிஜக் கன்சோலை அப்படி ஓட்டினால் அதுவும் கத்தும். ஒவ்வொரு டிராக்கிலும் முதல் இடத்தில் ஒரு டிரிம் போட்டு இறக்குங்கள்.

கடைசியாக, முழு மிக்ஸின் உச்சங்களை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டும் மாஸ்டர் லிமிட்டர். இரண்டு பாடலும் மைனஸ் 7 எல்யுஎஃப்எஸ்ஸில் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அளவு) இருக்கின்றன. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14ஐ ஒட்டி இறக்கிவிடும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16க்கு. சத்தம் எல்லோருக்கும் சமமாகிவிடும்; நசுங்கிய மிருதங்கம் மட்டும் நசுங்கியபடியே இருக்கும். மைனஸ் 11, 12க்கு இறக்கி, ட்ரூ பீக்கை, அதாவது அலையின் உண்மையான உச்சத்தை, மைனஸ் 1இல் நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் பாடகருக்கு அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். அவர் "வாடை" என்றதில் அந்தச் சுருக்கலுக்கும் பங்கு இருக்கலாம்.

கன்சோலா, பாக்ஸா, இரண்டு சேனலா

இவையெல்லாம் சரியான பிறகும் அனலாக் ஆசை நிற்கலாம். நிற்கட்டும், தப்பில்லை. அப்போது மூன்று வழிகளையும் இப்படி எடைபோடுங்கள்.

கன்சோல்: 24 சேனலுக்கு 24 அவுட்புட் வேண்டும், உங்களிடம் எட்டு. ஆப்டிகல் வழியாகக் கூட்டலாம், ஆனால் ஏடாட் என்ற அந்த ஆப்டிகல் கம்பி 48இல் எட்டு சேனல் கொண்டுபோகும், 96இல் நான்குதான். கன்வெர்ட்டர்கள், 25 பின் டி-சப் கேபிள் கட்டுகள், பேட்ச்பே (இணைப்புப் பலகை) எல்லாம் விலைக்கு வெளியே. எல்லா சேனலும் திறந்திருந்தால் ஒரு சேனலின் இரைச்சலைவிட 14 டெசிபல் ஏறும். சில நூறு வாட் மின்சாரம் நாள் முழுக்க. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி, ஏசியின் சத்தம் அதே பத்தடி அறையில். கன்சோலின் பரந்த மேற்பரப்பு ஸ்பீக்கர் ஒலியை உங்கள் காதுக்குத் திருப்பியடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ரீகால், பழைய மிக்ஸை அப்படியே திரும்பக் கொண்டுவருவது. "அண்ணே, ரெண்டாவது சரணத்துல ஹம்மிங்க மட்டும் கொஞ்சம் ஏத்துங்க" என்று பத்து நாள் கழித்து வாட்ஸ்அப் வரும். மென்பொருளில் ஐந்து நிமிஷ வேலை. கன்சோலில் இடையில் இரண்டு பாட்டு ஓடியிருந்தால், 24 சேனல் குமிழ்களையும் போட்டோ பார்த்துத் திருப்ப வேண்டும். எண்பதுகளிலேயே எஸ்எஸ்எல் என்ற கன்சோல் நிறுவனம் 'டோட்டல் ரீகால்' கொண்டுவந்தது; அதுகூட பழைய நிலையைத் திரையில் காட்டும், திருப்புவது கைதான். விளம்பரக் கடைக்காரர் அந்த அரை நாளுக்குக் காசு தரமாட்டார்.

சம்மிங் பாக்ஸ்: நண்பர் சொன்னது விலையில் சிக்கனம், ஒலியில் ஏமாற்றம் தரக்கூடியது. மின்சாரம் இல்லாத பாஸிவ் பாக்ஸில் 30, 40 டெசிபல் இழப்பு; அதை ஈடுகட்டப் பின்னால் ஒரு ப்ரீஆம்ப் (மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) போட வேண்டும். கேட்கும் குணம் முக்கால்வாசி அந்த ப்ரீஆம்பினுடையது. அதற்கு 16 சேனல் எதற்கு?

இரண்டு சேனல்: என் சாய்வு இதன் பக்கம். மிக்ஸை மென்பொருளிலேயே முடித்து, ஸ்டீரியோவை மட்டும் இரண்டு அவுட்புட் வழியாக வெளியே அனுப்பி, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இரட்டை ப்ரீஆம்ப் அல்லது ஒரு பஸ் கம்ப்ரஸர் (மொத்த மிக்ஸின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) வழியாக உள்ளே திரும்பப் பதிந்துகொள்வது. திருப்ப நாலைந்து குமிழ்; படிப்படியாகத் திரும்பும் சுவிட்ச் வகையானால் எண்ணை எழுதிவைத்தால் போதும். அதே ப்ரீஆம்ப் குரல் பதியவும் உதவும். பாட்டுக்கு அனலாக் அதிகம் கொடுப்பது பதியும் இடத்தில்தான்.

லெவல் பொருத்தும் முறை: 200 ஹெர்ட்ஸ் சைன் டோனை மைனஸ் 18இல் வெளியே அனுப்பி, எக்ஸ்எல்ஆரின் 2, 3 பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை ஏசியில் வையுங்கள். 1.23 வோல்ட் காட்டினால் பிளஸ் 4 டிபியு, அதாவது தொழில்முறை வியு பூஜ்யம். 0.775 காட்டினால் உங்கள் இன்டர்ஃபேஸ் 4 டெசிபல் குறைவாகத் தருகிறது. மைனஸ் 14இல் அனுப்புங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அங்கே தப்பாகக் காட்டும். இணைத்ததும் 50, 100 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது. எல்லாவற்றையும் ஒரே மின் பலகையிலிருந்து எடுங்கள், போகாவிட்டால் பேலன்ஸ்ட் கேபிளின் ஒரு முனையில் மட்டும் ஷீல்டைத் துண்டியுங்கள்.

வாங்கும் முன் ஒருநாள் இரவல் வாங்கிச் சோதியுங்கள். கருவி வழியாக வந்ததையும் வராததையும் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்தி, எது எது என்று சொல்லாமல் அந்தப் பாடகரையே பத்துத் தடவை கேட்டு, பிடித்ததை எடுக்கச் சொல்லுங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருந்தால்கூட எல்லோருக்கும் அதுதான் "வார்ம்". சமப்படுத்திய பிறகு அவர் பத்தில் ஒன்பது தடவை கருவி வழியாக வந்ததையே எடுத்தால், தாராளமாக வாங்குங்கள்.

முன்பணம்

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'அச்சாரம்' என்று எழுதி, வாங்குபவர் பின்வாங்கினால் திரும்பாது என்றும் இருந்தால் விற்பவர் வைத்துக்கொள்ள இடமுண்டு. தனி நபரிடம் பழைய பொருள் வாங்குவது கடையில் வாங்குவது போல அல்ல. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் பொதுவிதி, வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டும் என்பதே. நான் வழக்கறிஞன் அல்ல, ரசீதை ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால் பெரும்பாலும் போவது அந்த 25,000தான். மீதி 4,25,000க்கு வட்டி ஓடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கன்சோலைத்தான் எடுப்பேன் என்றால், இந்தச் சோதனை இல்லாமல் பணத்தை எண்ணாதீர்கள்:

1. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு பவர் சப்ளையின் பிளஸ், மைனஸ் வோல்ட்டை அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். மைக்குக்குப் போகும் 48 வோல்ட் பேன்டம் மின்சாரத்தைத் தனியாக அளந்து பாருங்கள். அதே முனைகளில் ஏசி மில்லிவோல்ட் கணிசமாகக் காட்டினால் வடிகட்டிக் கண்டன்சர்கள் போய்விட்டன.

2. ஒவ்வொரு சேனலுக்கும் டோன் கொடுத்து, ஃபேடரை மேலும் கீழும் இழுங்கள், ஒவ்வொரு குமிழையும் திருப்புங்கள், ஒவ்வொரு சுவிட்சையும் இருபது தடவை அழுத்துங்கள். கரகரப்பையும் அறுந்து அறுந்து வருவதையும் சேனல் எண்ணோடு எழுதிவையுங்கள். இடது, வலது வித்தியாசம் அரை டெசிபலைத் தாண்டக் கூடாது.

3. அடியைத் திறந்து பாருங்கள். உப்பிய கண்டன்சர், பச்சை படிந்த ரிப்பன் இணைப்பு. எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் பாதியாகும்; நம் ஊர் வெயிலில் கிடந்த கன்சோலில் நூற்றுக்கணக்கில் மாற்ற வேண்டிவரும். 5532, டிஎல்072 ஐசிகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். அந்த மாடலுக்கென்றே செய்த ஃபேடரும் குமிழும் கிடைக்காது.

பின்வாங்குவதாக இருந்தால் சண்டையாகப் பேச வேண்டாம். மூடுகிற ஸ்டுடியோவில் கன்சோல் மட்டுமா இருக்கும்? "அண்ணே, கன்சோலுக்கு வேற ஆள் வந்தா குடுத்துடுங்க, அட்வான்ஸுக்கு வேற சாமான் எடுத்துக்கறேன்" என்று கேளுங்கள். மைக் ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் கேபிள், இரட்டை ப்ரீஆம்ப் ஏதாவது இருந்தால் அது. முக்கியமாகச் சுவரில் மாட்டியிருக்கும் அகூஸ்டிக் பேனல்கள். அவற்றைப் பொதுவாக யாரும் விலை பேசுவதில்லை, இடிக்கும்போது குப்பையில் போகும். விரலால் அழுத்திப் பாருங்கள்: நாலு அங்குலம் தடிமனாக, உள்ளே இறுக்கமாக இருந்தால் ராக்வூல், பொதபொதவென்று அமுங்கினால் ஃபோம். ராக்வூலாக இருந்தால் அத்தனையையும் கழற்றிவிடுங்கள். குட்டி யானையில் ஏற்றும்போது படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், நடுவில் அமுங்காமல் வந்து சேரும்.